கோடைமலை ரஸ்தா

மலைமேல் ஓர் ஊர் இருந்தால், அதன் குளிர்ச்சியைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் பூக்களைப் பற்றியும் எழுத எத்தனையோ பேர் முன்வருகிறார்கள். அந்த ஊருக்குப் போகும் வழியைப் பற்றி எழுதுவோரைக் காண்பது அரிது. ஆகவே நேயர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் கோடைக்கானல் ஏரியில் படகு விடும் உத்தேசம் நமக்கில்லை. வத்தலக்குண்டில் புறப்பட்டுச் செண்பகனூர் எல்லையோடு நின்றுவிடப் போகிறோம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நண்பர் ஒருவர் சர்க்கார் நெடுஞ்சாலைத் துறையில் எஞ்சினீயர். மலை ரஸ்தாக்களைப் போடுவதிலும் காப்பதிலும் தலை நரைத்தவர். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் அவரோடு கோடைமலை ரஸ்தாவைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. "வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதானால் வர வேண்டாம்; இறங்கி நடப்பதானால் வாருங்கள்" என்பது அவர் விதித்த நிபந்தனை. மேலே 7,000 அடி உயரம் என்பதை எண்ணி நாம் தயங்கியதைக் கண்டு, "முழுவதும் நடக்க வேண்டியதில்லை. தண்ணீர் நிற்கிற இடத்தில் மட்டும் இறங்கினால் போதும்" என்று சலுகை காட்டினார். அந்தச் சலுகை எவ்வளவு பெரிது என்பது மழை பிடித்துக்கொண்ட பிறகே தெரிந்தது!

அடிவாரம்

வத்தலக்குண்டு, பஸ் மாறுவதற்காக மட்டும் ஏற்பட்ட ஊரன்று. தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதிய பி. ஆர். ராஜமையர் பிறந்த ஊர். வீரத் துறவி சுப்பிரமணிய சிவா 1884-ஆம் ஆண்டில் பிறந்ததும் இங்கேதான்.

சிவாவைப் பற்றி ரஸ்தாக் கட்டுரையில் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்ற அவர், வெளிவந்தபோது தொழுநோயையும் உடன் கொண்டுவந்தார். அந்த நோய் உள்ளவர் ரயிலில் ஏறலாகாது என்று அன்னிய சர்க்கார் தடுத்தது. அந்த வீரர் சோர்ந்து படுத்துவிட்டாரா? கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று சுதந்திரத்தைப் பேசினார். 1925-ஆம் ஆண்டில் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். ரயில் மறுத்த மனிதருக்கு ரஸ்தா இடம் கொடுத்தது. பொது வழி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், மலைக்குப் பாதை பிரியும் இடத்துக்குக் காட்ரோடு என்றே பெயர். மலைப் பாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. காட்டுக்குள் போகிற ரோடு என்று தமிழாகவே பொருள் கொண்டாலும் பிழையில்லை.

நாற்பது வருஷ ரஸ்தா

இந்த மலையை 1821-ஆம் ஆண்டில் வார்டு என்ற இராணுவ அதிகாரி அளந்தார். 1845-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மேலே வீடு கட்டிக்கொண்டார்கள். 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்ற மதுரைக் கலெக்டர் ஓடையை அணைகட்டித் தடுத்து ஏரியை உண்டாக்கினார். இத்தனைக்கும் மேலே போக ரஸ்தா கிடையாது. துரைமார்களும் துரைசானிமார்களும் நாற்காலியிலும் டோலியிலும் சாய்ந்திருக்க, நம் ஜனங்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினார்கள்.

1875-ஆம் ஆண்டில் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அதையொட்டி மேஜர் லா என்பவர் மலைப்பாதைக்குக் கோடு போட்டார். வேலை தொடங்கிய அந்த ஆண்டுகளிலேதான், 1876 முதல் 1878 வரையில், தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. ரஸ்தா முடிந்தது 1914-ஆம் ஆண்டில். பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டது 1916-ஆம் ஆண்டில். ஏறக்குறைய நாற்பது வருஷம்! கோடு போட்டவரின் பெயரால் அது இன்றும் 'லாஸ் காட்' என்று வழங்குகிறது. பாறையில் வெடி வைத்தவர்கள், கூடையில் மண் சுமந்தவர்கள் ஆகியோரின் பெயரைத் தாங்கிய கல் ஒன்றையும் நாம் வழியில் காணவில்லை.

மலையோடு ஓர் ஒப்பந்தம்

"மலைமேல் ஏறுவதற்கு ஏன் இத்தனை வளைவுகள்?" என்று நாம் கேட்டோம். நண்பர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பாரம் ஏற்றிய வண்டி திணறாமல் ஏற வேண்டுமானால், 20 அடி முன்னே போவதற்குள் 1 அடிக்கு மேல் உயரக் கூடாது. அடிவாரத்துக்கும் மேலூருக்கும் உயர வித்தியாசம் சுமார் 6,000 அடி. ஆகவே பாதையின் நீளம் 1,20,000 அடி இருக்க வேண்டும். அதாவது கிட்டத்தட்ட 23 மைல். மலைச் சரிவில் 23 மைல் நீளத்தைச் சுருட்டி வைத்தால் வளைவுகள் வராமல் என்ன செய்யும்?

வளைவுகளுக்கும் சட்டம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது ஏற்றமும் கடுமையாயிருந்தால் இரண்டையும் ஒருங்கே சமாளிக்க முடியாது. ஆகையால் வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1-ஐ மிஞ்சக் கூடாது. உள்வட்டத்தின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது. இப்படி வகுத்திருப்பது இந்திய ரஸ்தா காங்கிரஸ். காங்கிரஸ் என்றதும் கொடியும் கோஷமும் நேயர்களுக்கு நினைவு வரலாம். இது 1934-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ரஸ்தா எஞ்சினீயர்களின் சபை. அளவுகோலே அதன் கொடி.

பாதைக்குக் கோடு போட அக்காலத்தில் பயன்பட்ட கருவிகளுள் 'சிலோன் காட் டிரேசர்' என்பது ஒன்று. ஒரு குழாய், அதில் நகர்த்தி வைக்கும் ஓர் எடை, எதிரே ஒருவன் பிடித்து நிற்கும் குறிப்பலகை. இவ்வளவுதான். வேண்டிய ஏற்றத்துக்கு எடையை நகர்த்தி வைத்துக் குழாய் வழியே பார்த்துக் காட்டுக்குள் முளையடித்துக்கொண்டே போவார்கள். இந்தச் சிறு குழாயை நம்பித்தான் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் மலையை வெட்டினார்கள்.

அருவியும் ஓரக்கால்வாயும்

டம்டம் பாறை அருகே வண்டி நின்றது. எதிர்மலையில் தலையாறு அருவி விழுந்துகொண்டிருந்தது. 975 அடி உயரத்திலிருந்து வெள்ளை நூல்போல் இறங்குவதால் அதற்கு எலிவால் அருவி என்றும் பெயர். அங்கே கூடியிருந்தவர்கள் அனைவரும் அருவியைப் பார்த்தார்கள். நம் நண்பர் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ரஸ்தாவின் மலைப்பக்கத்து ஓரக்கால்வாயைப் பார்த்தார். அதில் தண்ணீர் ஓடவில்லை, நின்றது. குடையைச் சுருக்கி அதன் முனையால் கிளறினார். உதிர்ந்த இலைகள், சரிந்த மண், யாரோ வண்டியிலிருந்து எறிந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து சிறுபாலத்தின் வாயை அடைத்திருந்தன.

"இதுதான் என் சத்துரு" என்றார்.

"பாட்டிலா?" என்றோம்.

"தண்ணீர். பாட்டில் அதற்கு ஒற்றன்!"

பிறகு அவர் விளக்கினார். மழைநீர் ஓரக்கால்வாயில் ஓடிச் சிறுபாலத்தின் வழியாகப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் தொல்லையில்லை. வாய் அடைபட்டால் அது ரஸ்தாவைக் குறுக்கே கடந்து பள்ளத்துப் பக்கச் சுவரின் அடிமண்ணை அரிக்கும். அல்லது தாருக்குக் கீழே புகுந்து தங்கும். ஈரமான மண் இளகும். இளகிய மண்ணின்மேல் பஸ் போனால் தார் வெடிக்கும். வெடிப்பில் மேலும் தண்ணீர் இறங்கும். இரண்டு மழைக்குள் ஒரு குழி. நான்கு மழைக்குள் ஒரு பள்ளம். ஏதோ ஓர் இரவில் பாதி ரஸ்தாவே காணாமற் போகும்.

நொறுக்கிய கல்லால் ரஸ்தா போடும் முறைக்குத் தம் பெயரையே கொடுத்தவர் மெக்காடம் என்ற ஸ்காத்லாந்துக்காரர். 1756 முதல் 1836 வரை வாழ்ந்தவர். கல்லைவிட முக்கியமாக அவர் வற்புறுத்தியது, அடியிலுள்ள மண் உலர்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான். உலர்ந்த மண் எந்தப் பாரத்தையும் தாங்கும் என்றார். அவர் மறைந்து இரண்டு நூற்றாண்டு நெருங்குகிறது. தார் வந்தது, இயந்திரம் வந்தது, அந்த வார்த்தை மட்டும் மாறவில்லை.

மலையிலிருந்து சரியும் மண்ணைத் தாங்க ஒரு சுவர், ரஸ்தா பள்ளத்தில் சரியாமல் தாங்க மற்றொரு சுவர் என்று மலைப்பாதைக்கு இருபுறமும் சுவர்கள் உண்டு. அவற்றில் வரிசையாகச் சிறு துளைகள் இருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். பாம்பு குடியிருப்பதற்காக விட்டவையல்ல. சுவருக்குப் பின்னால் சேரும் நீர் கசிந்து வெளியேறுவதற்கு வைத்த துளைகள். அவை அடைபட்டால் மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். எவ்வளவு பருமனான சுவரானாலும் அப்புறம் நம்புவதற்கில்லை.

எம்.புக்

அன்று மாலை பெருமாள்மலையில் ஒரு டீக்கடை வாசலில் ஒதுங்கினோம். நண்பர் பையிலிருந்து எண்ணெய்த் துணி சுற்றிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அதற்கு அளவுப் புத்தகம் என்று பெயர். துறையிலுள்ளோர் எம்.புக் என்பார்கள்.

சர்க்கார் வேலையில் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் புத்தகத்தின் வழியாகவே போக வேண்டும். பக்கங்களில் வரிசை எண் அச்சிட்டிருக்கும். ஒன்றைக் கிழித்தால் காட்டிக்கொடுத்துவிடும். எழுதியதை அழிக்கக் கூடாது. பிழையானால் கோடிட்டுத் திருத்திக் கையெழுத்திட வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கே போய், நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து அங்கேயே எழுத வேண்டும். ஒருவர் அளந்ததை மேலதிகாரி மறுபடி அளந்து சோதிக்க வேண்டும்.

"இதில் ஆழம் என்பதுதான் சங்கடம்" என்றார் நண்பர். "நீளத்தையும் அகலத்தையும் ஊரார் எல்லோரும் பார்க்கலாம். அஸ்திவாரத்தின் ஆழம் கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடுவதற்கு முன் அளக்கிற ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்."

பல வருஷங்களுக்கு முன் வேறொரு மலையில் நடந்ததை அவர் சொன்னார். சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தது. காலையில் வந்து அளப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். காலையில் வந்தபோது இரவோடு இரவாக நிரப்பி மூடியிருந்தது. "மழை வரும்போலிருந்தது, அதனால் முடித்துவிட்டோம்" என்றார் காண்ட்ராக்டர். நண்பர் வாதாடவில்லை. "தோண்டுங்கள்" என்றார். தோண்டினார்கள். நாலடி இருக்க வேண்டிய ஆழம் இரண்டரை அடிதான் இருந்தது. பிரித்தெடுத்து மறுபடி கட்டச் சொன்னார். அதன் பிறகு பல இடங்களிலிருந்து பல குரல்கள் அவரிடம் நயமாகவும் பயமாகவும் பேசின. மாற்றல் வருமென்று வதந்தி உலவியது. வீட்டில் குழந்தையின் பள்ளிக்கூடத்தை நினைத்து மனைவி கவலைப்பட்டாள்.

"மாற்றல் வந்ததா?" என்று கேட்டோம்.

"வந்தது. சுவரைக் கட்டி முடித்த பிறகு வந்தது" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் அதை வீரச் செயலாகச் சொல்லவில்லை. அந்தச் சுவருக்குக் கீழே ஓர் ஊர் இருந்தது. இரண்டரை அடி அஸ்திவாரம் என்பது நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண். கீழே தூங்குகிறவர்களுக்கோ அது உயிர். சுதந்திரம் பெறுமுன், சர்க்கார் பணம் யாரோ அன்னியனுடைய பணம் என்று எண்ணுவதற்கேனும் ஒரு சாக்கு இருந்தது. 1947-க்குப் பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. இப்போது அது நம் பணம். குழியில் விழுகிற வண்டியும் நம் வண்டி.

தாரும் பாரமும்

தார் போடும் வேலையிலும் கண்ணுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அதுதான் சூடு. கலவையை விரிக்கும்போது 140 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் உருளை ஓட்டி முடித்துவிட வேண்டும். கீழேயிருந்து லாரியில் ஏறிவரும் கலவையை மலைக்குளிரும் மூடுபனியும் வழியிலேயே ஆற்றிவிடப் பார்க்கும். ஆறிப்போன கலவையை எவ்வளவு உருட்டினாலும் உள்ளே பொத்தல்கள் நிற்கும். பார்வைக்குக் கறுப்பாகப் பளபளவென்றிருக்கும். மழைக்கு முதல் விருந்தும் அதுவே. ஆகவேதான் நண்பரின் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஓர் உஷ்ணமானி இருக்கிறது.

மதுரைத் தியாகராஜர் எஞ்சினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறையும் இங்கே நினைவுக்குரியது. காய்ச்சிய ஜல்லியின்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவைத் தூவினால் அது உருகி ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய போர்வையாகிறது. பிறகு தாரைக் கலக்கிறார்கள். கல்லுக்குள் நீர் புகுவது குறைகிறது. 2018-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஓரக்கால்வாயை அடைக்கும் ஒற்றனையே ரஸ்தாவுக்குக் காவலனாக்கும் வித்தை இது!

தண்ணீருக்கு அடுத்த பகை, அளவு மீறிய பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பெரியதொரு சோதனை நடத்தினார்கள். அச்சின்மேல் பாரம் இரட்டித்தால் ரஸ்தாவுக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கன்று, சுமார் பதினாறு மடங்கு என்று அதில் தெரிந்தது. ஒரு நடையை மிச்சம் பிடிக்க இரட்டைப் பாரம் ஏற்றும் லாரிக்காரர், பதினாறு லாரிகளின் தேய்மானத்தை ஊரார் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறார்.

மழையில் நிற்பவர்கள்

இரண்டாம் நாள் விடியுமுன்னே செய்தி வந்தது. மேலே ஒரு வளைவில் மண் சரிந்து மரம் ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. நாம் போய்ச் சேரும்போது சாலைப் பணியாளர்கள் முன்னமே அங்கே இருந்தார்கள். கையில் மண்வெட்டி, கடப்பாறை, மரம் அறுக்கும் இயந்திரம். இருபுறமும் வண்டிகள் நின்றன. காரட்டும் பூண்டும் ஏற்றிய லாரிகள் கீழிறங்கக் காத்திருந்தன. விடுமுறைக்கு வந்தவர்கள் மேலேறக் காத்திருந்தார்கள். சிலர் ஹாரன் அடித்தார்கள். மரம் அதற்கு அசைவதாகத் தெரியவில்லை.

வயது முதிர்ந்த பணியாளர் ஒருவர் மரத்தடிக்குப் போகாமல் மேலே சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று, "சார், எல்லாரையும் பின்னாடி வரச் சொல்லுங்க. தண்ணி கலங்கி வருது" என்றார். நண்பர் உடனே ஆட்களை விலக்கினார். கால் மணி நேரத்தில் மேலிருந்து இன்னும் ஒரு வண்டி மண் இறங்கியது. தெளிவாகக் கசிந்த நீர் கலங்கினால் உள்ளே மண் நகர்கிறதென்று அர்த்தம். எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர் அந்தப் பெரியவர். எஞ்சினீயர் அவருடைய சொல்லைக் கேட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது இந்த மலையில் ஏராளமான மரங்கள் விழுந்து ரஸ்தா அடைபட்டது. அன்றும் மழையில் நின்று மரங்களை அறுத்து வழி திறந்தவர்கள் இத்தகையவர்களே. கோடைக்கானலுக்கு வரும் கூட்டத்தின் நெருக்கடி இன்று எவ்வளவென்றால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி முதல் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச் சீட்டு ஏற்பட்டது. மாட்டு வண்டிக் காலத்தில் போட்ட கோட்டின்மேல்தான் இத்தனை வண்டிகளும் ஏறுகின்றன.

டோலி

மூன்றாம் நாள் செண்பகனூர் எல்லையில் நின்று தெற்கே பார்த்தோம். மேகம் விலகியபோது பெரியகுளத்துச் சமவெளி கீழே தெரிந்தது. அந்தச் சரிவில் எங்கேயோ வெள்ளகவி என்ற சிற்றூர் இருக்கிறது. கும்பக்கரைப் பக்கமிருந்து மலையேறும் பழைய கால்வழியில் உள்ள ஊர் அது. ஊருக்குள் செருப்பணிந்து நடக்கலாகாது என்பது அங்குள்ளவர்களின் வழக்கம்.

துரைமார்கள் தோளில் ஏறிவந்த காலத்தில் இப்படிப்பட்ட கால்வழிகளே மலைக்கு வாயிலாக இருந்தன. லா போட்ட ரஸ்தா திறந்ததும் வாயில் வடக்கே மாறியது. பழைய வழி பழைய வழியாகவே நின்றுபோயிற்று. துரைமார்கள் டோலியிலிருந்து இறங்கி மோட்டாரில் ஏறினார்கள். வெள்ளகவி மக்களோ அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக நோயாளியையும் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் டோலி கட்டித்தான் தூக்கி நடந்தார்கள்.

"அங்கெல்லாம் ரஸ்தா போடுவது அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டோம்.

நண்பர் இரு பக்கத்தையும் சொன்னார். இந்த மலைக்காடு 2013-ஆம் ஆண்டில் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தில் ரஸ்தா போட மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். காட்டை வெட்டினால் சரிவு இளகும், ஊற்று வற்றும், இன்று போட்ட ரஸ்தா நாளைய மண்சரிவாகும். ஆனால் காட்டிலேயே வாழ்கிறவர்களுக்கும் உரிமை உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், அத்தகைய ஊர்களின் ரஸ்தாவுக்குக் கிராம சபையின் சிபாரிசோடு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தைக் கொடுக்க வழி செய்திருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்ற வரம்போடு. "மரத்தையும் காக்க வேண்டும், டோலியையும் ஒழிக்க வேண்டும். குறுகலாக, நீர் வழிந்தோடும்படி, சரிவைப் புண்படுத்தாமல் ஒரு பாதை வகுப்பதற்குத்தானே எஞ்சினீயர்கள் இருக்கிறோம்?" என்றார்.

நாற்பது வருஷம் செலவழித்து உல்லாசப் பயணிகளுக்கு ரஸ்தா போடத் தெரிந்த தேசத்துக்கு, ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கும் பாதை போடத் தெரியாதா? தெரியும். தெரிந்தவர்களை நேரில் பார்த்துவிட்டே இதை எழுதுகிறோம். அவர்களை அனுப்ப வேண்டியவர்கள் நாம்.

அடுத்த கோடையில் நேயர்கள் குழந்தைகளோடு மலையேறும்போது, தின்ற பண்டத்தின் உறையையும் குடித்த பாட்டிலையும் ஜன்னல் வழியே எறியாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மழையில் மண்வெட்டியோடு ஓரக்கால்வாயில் நிற்கும் மனிதர் எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காமல் வண்டியை மெதுவாக விடுங்கள். நம் நண்பரின் பெயரை எந்தக் கல்லிலும் தேட வேண்டாம். ஏதோ ஓர் ஆபீஸ் பீரோவில், பழுப்பேறிய எம்.புக் ஒன்றில், 'ஆழம்: 4 அடி' என்ற வரிக்குக் கீழே அவருடைய சுருக்கொப்பம் இருக்கிறது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.